மலை வீட்டில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ‘ர’ போட வேண்டும், எங்கே பெரிய ‘ற’ போட வேண்டும் என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். கம்பெனியில் மீந்துபோன செக்கிங் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிக்குப் போய்வந்த பிறகு, அருள்புரத்தில் எங்கள் கம்பெனியில் பார்ப்பவர்கள் எல்லோரும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நல்லா இருந்துச்சுங்க என்பேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் கூடி நின்றால் ஓரமாக நகர்ந்துவிடுவேன். “பத்து நாள் போயிட்டு வந்த மனுசன் நாலு வார்த்த சொல்ல மாட்டீங்கறான். பிளேன்லயே தூங்கிட்டுத் திரும்பி வந்துட்டானாட்ட இருக்குது” என்று கட்டிங் மாஸ்டர் கேலி செய்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செக்கிங் ஆள். தைத்து வரும் பனியனை உள்ளும் வெளியும் புரட்டிப் பார்ப்பது வேலை. ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பிறகு துணி மூன்று குவியலாகப் பிரியும். நல்லது பாஸ். ஆகாதது ரிஜெக்ட். சரிசெய்தால் தேறும் என்பது ஆல்டர். ஆல்டர் துணி சரியானதும் அம்பு ஒட்டியவன் மேசைக்கே திரும்பி வரும். அடுத்தவன் அதைப் பார்க்கக் கூடாது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஸ்டிக்கர் தாள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இத்தாலிக்கும் அப்படியே வந்துவிட்டது.

என் மகள் சுகந்தி வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குத் துணிகளின் அளவுப் படம் போட்டுத் தருகிறாள். மாப்பிள்ளை பிரபுவுக்கு சாப்ட்வேர் வேலை. இருவருக்கும் ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை. இப்படிப்பட்டவர்கள் வந்து குடியிருந்தால் வீடு தருகிறோம், வாடகையில் பெரும்பங்கையும் நாங்களே கட்டுகிறோம் என்று இத்தாலியில் ஒரு மலையூர் அறிவித்திருந்தது. இவர்கள் எழுதிப்போட்டார்கள், கிடைத்தது, போய்விட்டார்கள்.

முதல் வருடம் இருந்து பார்க்கலாம். தொடர்ந்து இருக்க வேண்டுமானால், குளிர்காலத்துக்கு முன்னால் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மாதம் ஆனபோது சுகந்தி அவள் அம்மாவிடம் போனில் சொன்னாள்: “அப்பா ஒருக்கா வந்து பாக்கட்டும். அப்பா வேண்டாம்னு சொன்னா மூட்டையக் கட்டிட்டு வந்தர்றோம்.”

என் மனைவி சரசுவுக்கு முட்டிவலி, மலை ஏற முடியாது. “ஒத்தப் பனியனப் புரட்டிப் புரட்டிப் பாக்கறவரு நீங்க. நம்ம புள்ள இருக்கற ஊட்டையும் நல்லாப் பாத்துட்டு வாங்க. இருக்கலாமா வேண்டாமான்னு ஒரே சொல்லாச் சொல்லீருங்க” என்று அனுப்பி வைத்தாள்.

ஊரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. மலையூர் என்றே எழுதுகிறேன். ரயிலடிக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். அங்கிருந்து நம் ஊர் மினிபஸ் அளவு பஸ். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் மேலே போகும். வால்பாறை ரோடு மாதிரி வளைவுகள். ஆனால் பாட்டுச் சத்தம் இல்லை, நின்றுகொண்டு வருபவர் இல்லை. எங்களையும் சேர்த்து ஆறே பேர். பஸ் ஏறினோமா, எங்காவது துக்க வீட்டுக்குப் போகிறோமா என்று தோன்றியது.

வீடு கல் வீடு. கீழே ஒரு குடித்தனம், மேலே சுகந்தி. சாப்பிட உட்காரும்போது எனக்கு ஒரு நாற்காலி, சுகந்திக்கு ஒரு நாற்காலி. மாப்பிள்ளை மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். மாமனாருக்குக் காட்டும் மரியாதையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை ஊரைச் சுற்றிக் காட்டினார். அறுபது வீடு இருக்கும். புகைக்கூண்டில் புகை வந்தது பத்துப் பன்னிரண்டில்தான். மற்றவை பூட்டியிருந்தன. பூட்டுகள்கூடத் துருப்பிடித்திருந்தன. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு பலகை. மாப்பிள்ளை அதைப் படித்துச் சொன்னார். வந்து குடியிருங்கள், இன்டர்நெட் உண்டு, வீடு உண்டு, நல்ல காற்று உண்டு என்று எழுதியிருந்ததாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் பலகைகளை நினைத்துக்கொண்டேன். டைலர் தேவை, செக்கிங் தேவை, ரூம் இலவசம் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கும். தூத்துக்குடியிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களை அப்படித்தான் இழுத்து வந்தார்கள். கொமரலிங்கத்திலிருந்து நான் வந்ததும் அப்படித்தான். வேலைக்கு ஆள் தேடும் ஊர் எனக்குத் தெரியும். சும்மா குடியிருக்க ஆள் தேடும் ஊரை அன்றுதான் பார்த்தேன்.

“கையெழுத்துப் போடாமப் போன வருசம் மூணு குடும்பம் போயிருச்சுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. இவர்களும் போய்விட்டால் சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம். ஆளில்லாத ஊருக்கு இரண்டு பஸ் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

மூன்றாம் நாள் இருவரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு உட்கார்ந்திருந்து பழக்கமில்லை. கீழே இருக்கும் டவுனுக்குப் போய் வெங்காயம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இறங்கும் இடத்தைச் சுகந்தி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது சாயங்கால பஸ்ஸில் முன்னால் ஒரு அம்மாள் இருந்தாள். எழுபது வயதிருக்கும். மலையூருக்கு முந்தின ஸ்டாப்பில் இரண்டு பெரிய பைகளோடு எழுந்தாள். நான் ஒரு பையை வாங்கிக்கொண்டு இறங்கி ரோட்டோரம் வைத்தேன். நம் ஊரில் டிரைவர் பார்த்துக்கொண்டிருப்பார், கண்டக்டர் விசில் ஊதமாட்டார். இங்கே கதவு மூடிக்கொண்டது, பஸ் போய்விட்டது. என் ஜெர்கினும் வெங்காயமும் பஸ்ஸோடு போய்விட்டன.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், போகும் பஸ்ஸைப் பார்த்தாள், கையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். மடையன் என்று சொல்லியிருப்பாள். எந்த பாஷையிலும் அந்த முகம் ஒன்றுதான். பிறகு பைகளில் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அந்த ஸ்டாப் பக்கத்தில் அவள் தங்கை வீடு. ஒரு பையை அங்கே கொடுத்துவிட்டு, மற்றதோடு மேலே ஏறினோம். முக்கால் மணி நேரம் நடந்தபின் அவள் நின்ற வாசல் எங்கள் வீட்டு வாசல். கீழ்க் குடித்தனமே அவள்தான். பெயர் அசுந்தா.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நெருப்பில் சுட்ட ஒரு கொட்டையைத் தட்டில் வைத்து நீட்டினாள். பலாக்கொட்டை சுட்ட வாசம். நல்ல பசி. ஆனால் ஒருவர் வீட்டில் முதல் தடவையே கை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? வேண்டாமுங்க என்று கையை ஆட்டினேன். நம் பக்கத்தில் மூன்று தடவை சொல்வார்கள், மூன்றாவது தடவை எடுத்துக்கொள்வோம். அவள் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். தட்டு திரும்பி வரவே இல்லை.

ராத்திரிச் சோற்றின்போது இதைச் சொன்னதும் சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகுதான், அந்த அம்மாள் வீட்டுக்குள் தான் இதுவரை போனதே இல்லை என்றாள். படியில் பார்த்தால் தலையை ஆட்டுவதோடு சரியாம்.

நாலாம் நாள் காலையில் அந்த ஊர் நேரம் பழகாமல் சீக்கிரமே விழித்துக்கொண்டேன். அவர்கள் எழவில்லை. சரசு சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. வீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சன்னல் சட்டம் சுவரோடு சேரவில்லை, இடுக்கில் கை வைத்தால் காற்று அடித்தது. குழாய் சொட்டியது. கட்டிலை நகர்த்திப் பார்த்தேன், பின்னால் சுவர் ஈரம். மாடிப்படியில் ஐந்தாவது பலகை ஆடியது, கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. அடுப்புப் புகைக்குழாயின் இணைப்பில் கரி கசிந்திருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. யோசித்துச் செய்யவில்லை, பழக்கம். பார்த்து முடித்தபோது பதினோரு இடத்தில் சிவப்பு அம்பு.

சுகந்தி எழுந்து பார்த்துவிட்டு, “என்னங்கப்பா இது, பனியன் கம்பெனியாட்ட” என்றாள். எடுத்துவிடுகிறேன் என்றேன். மீட்டிங் இருக்கிறது, மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் போய்விட்டாள். அப்போதுதான் கீழே கதவைத் தட்டினார்கள்.

மேயர் அம்மாள். நம் ஊர் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. நாற்பது வயதுக்காரி. காலையில் தபால் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள், மத்தியானத்துக்குமேல் மேயர். அன்று தபால் ஆபீஸைத் திறக்கும் முன்னால், என்னை வரவேற்கவும் கையெழுத்துத் தாளைக் கொடுக்கவும் வந்திருக்கிறாள். படியில் ஏறும்போதே கைப்பிடியில் ஓர் அம்பு, ஐந்தாவது பலகையில் ஓர் அம்பு. மேலே வந்து சன்னலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. அந்த வீட்டைக் கொடுத்ததே பஞ்சாயத்துதான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சுகந்தி காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டு அவசரமாக என் வேலையைப் பற்றி எடுத்துச் சொன்னாள். மேயர் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் எழுந்து என் நாற்காலியைக் காட்டினேன். வயதில் பெரியவர் நிற்கத் தான் உட்காரமாட்டேன் என்று சைகை செய்தாள். சுகந்தி தன் நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் தள்ளினாள். மேயர் நிற்கும்போது தான் உட்காருவதா என்று அவர் நகர்ந்துகொண்டார். கடைசியில் இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடக்க, நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்றோம்.

மேயர் என்னவோ கேட்டாள். சுகந்தி மொழிபெயர்த்தாள். “ஒரு பனியன்ல எத்தன அம்பு இருந்தா அதத் தூக்கிப் போடுவீங்கன்னு கேக்கறாங்கப்பா.”

இது எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் வாய் வந்தது. “எத்தனங்கறது கணக்கில்லீங்க. எங்க இருக்குதுங்கறதுதான். அடிமடிப்புல மூணு இருந்தாலும் விட்டுருவோம். நெஞ்சுப் பக்கம் ஒண்ணு இருந்தாலே ரிஜெக்ட்டுங்க.”

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, அப்படியானால் இந்த வீட்டில் நெஞ்சுப் பக்கம் எது என்று கேட்டாள்.

சன்னலா, ஈரமா என்று யோசித்தேன். இரண்டும் இல்லை. என் கண் அந்தக் காலி நாற்காலிகளில் நின்றது. மாப்பிள்ளை உட்காரும் மரப்பெட்டியிலும் நின்றது.

“ரெண்டு நாற்காலிதானுங்க இருக்குது. எட்டு மாசமா இந்த ரெண்டே போதுமாயிருந்திருக்குது. மூணாவதா ஒரு ஆளு வந்து உக்காரவேயில்லீங்க.”

சுகந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். மாப்பிள்ளைதான் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். மேயர் தாளை மேசைமேல் வைத்தாள், என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், இறங்கிப் போனாள்.

அன்று மத்தியானம் அம்புகளை உரிக்கப் போனேன், சரியாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை தடுத்துவிட்டார். விருந்தாளியாகப் போன இடத்தில், வீடு கொடுத்தவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லிவிட்டேன். வாழ்நாளில் நான் இப்படிப் பேசியதே இல்லை. மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், “இல்லீங்க மாமா. நாங்க ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்காதத நீங்க சொல்லிட்டீங்க” என்றார். சுகந்தி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் அவள் அம்மாவோடு வீடியோவில் பேசுவது எனக்குத் தெரியும். பாசம் என்று நினைத்திருந்தேன். பேச வேறு ஆளில்லை என்பது தெரியாமல் போயிற்று.

சாயங்காலம் படியில் தடால் தடால் என்று சத்தம். மாப்பிள்ளை ஓடினார். அசுந்தா அம்மாள் ஒரு நாற்காலியை முதுகில் சாய்த்துக்கொண்டு படிப்படியாக ஏறிவருகிறாள். பிடிக்கப் போனவரை விலக்கிவிட்டாள். கூடத்தின் நடுவில் போட்டு, அதில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டுப் பேசினாள். மேயர் அவளுக்குத் தம்பி மகளாம், காலையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

சுகந்தி மொழிபெயர்த்துச் சொன்னது இது: “எட்டு மாசமா இந்தப் புள்ள கூப்புடும்னு பாத்துட்டு இருந்தேன், கூப்புடவேயில்ல. கூப்புடாத ஊட்டுக்கு எப்படி வாறதுன்னு கேக்கறாங்கப்பா.” சொல்லிவிட்டு அவளே, “நாங்க என்னடான்னா, தானா வருவாங்கன்னு இருந்துட்டோம்” என்றாள்.

நம் பக்கத்தில் யார் கூப்பிட்டு யார் வருகிறார்கள்? கதவு திறந்திருந்தால் சக்கரை இருக்கா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். வராவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். இங்கே கூப்பிடாமல் வந்தால் மரியாதைக் குறைவு. சுகந்தி மேலே கதவைத் திறந்துவைத்து எட்டு மாதம் காத்திருந்தாள். அவள் கீழே கதவைச் சாத்திவைத்து எட்டு மாதம் காத்திருந்தாள்.

அன்று நான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தேன். சரசு கொடுத்தனுப்பிய பொடியும் மிளகாயும் போட்டது. அசுந்தா அம்மாள் ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர். பருப்பும் அரிசியும் தங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் நீங்கள் அதில் கோபத்தையும் சேர்த்து வேகவைக்கிறீர்கள் என்றாளாம். தட்டைக் காலி செய்தாள். இன்னும் கொஞ்சம் என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். உடனே தட்டை நீட்டினாள். அந்த விதத்தில் இவர்களோடு பழகுவது சுலபம்.

போகும்போது நாற்காலியை மாப்பிள்ளை தூக்கப் போனார். இங்கேயே இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் சுமந்துகொண்டு ஏறத் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் என் ஜெர்கினும் வெங்காயமும் பஸ் டிரைவர் கையில் வந்து சேர்ந்தன.

மிச்ச நாட்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேயர் ஒரு தச்சனைக் கூட்டி வந்தாள். அவர் ஐந்தாவது பலகையைச் சரிசெய்துவிட்டு, அம்பை உரித்து என் கையில் கொடுத்தார். மக்காச்சோளக் களி சாப்பிட்டேன், நம் ராகிக் களிக்கு உறைபோடக் காணாது. காபி மருந்து மூடி அளவுதான், ஆனால் தூக்கிப் போட்டுவிடும். சுகந்தி ஒரு நாள் அசுந்தா வீட்டுக் கதவைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாள். கேட்டுவிட்டு ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கூச்சம் அவளுக்கு என்னிடமிருந்து வந்ததுதான்.

கிளம்பும் நாள். பஸ் ஸ்டாப்பில் சுகந்தி என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

“என்னங்கப்பா, பாஸா, ரிஜெக்ட்டா?”

பாஸ் என்றால் மூன்று வருடம். ரிஜெக்ட் என்றால் மூட்டை கட்டிவிடுவாள், என் சொல்லைத் தட்டமாட்டாள். சரசு ஒரே சொல்லாகச் சொல்லச் சொன்னது நினைவிருந்தது.

“ஆல்டர், கண்ணு.”

அவளுக்கும் கம்பெனிப் பேச்சு தெரியும், அதனால் சிரித்தாள். தாளில் மூன்று வருடம் என்று போட்டிருக்கிறதே என்றாள்.

“ஒரு வருசம்னு மாத்தித் தருவாங்களான்னு கேளு. கேட்டாத்தான கிடைக்கும் இந்த ஊர்ல. ஆல்டர் சரக்க மறுக்கா பாக்காம யாரும் மூணு வருசத்துக்குப் பாஸ் போடறதில்ல.”

“மறுக்கா யாருங்கப்பா பாக்கறது?”

“அம்பு ஒட்டுனவன்தான்.”

பஸ் வந்தது. என்னையும் சேர்த்து அன்றும் ஆறே பேர்.

ஒரு வருடத்துக்குத் தர முடியுமா என்று பஞ்சாயத்தில் கூடிப் பேசினார்களாம். மூன்று வாரம் கழித்துச் சரி என்றார்கள். பஸ் இன்னும் இரண்டு வேளையும் ஓடுகிறது. ஒவ்வொரு குறை சரியாகும்போதும் சுகந்தி போட்டோ அனுப்புகிறாள். பதினோரு அம்பில் ஒன்பது உரிந்துவிட்டது. சன்னலும் கட்டிலுக்குப் பின்னால் ஈரமும் பாக்கி. ஈரத்தைப் போட்டோவில் பார்த்துப் பாஸ் போட முடியாது, கை வைத்துப் பார்க்க வேண்டும்.

வருகிற ஐப்பசியில் கம்பெனியில் லீவு கேட்டிருக்கிறேன். முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டாவது தானும் வருவேன் என்கிறாள் சரசு. அத்தனை தூரம் வந்து, படி ஏறி மேலே போனால் தான் உட்கார நாற்காலி இருக்குமா என்று நேற்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.